வெட்கத்தால் ஆகாதது

2016 ஜூலையில் ஓர் இரவு, ஆலுவா அரண்மனைக்கு முன்னால் சாலையோரம் நின்று கைப்பேசியில் ஆபாசப் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் காவல்துறை பிடித்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் அந்த வழக்கை ரத்து செய்தார். பிறருக்குக் காட்டாமலும் பரப்பாமலும் ஒருவர் தனியே பார்ப்பது குற்றமாகாது, அது அவருடைய சொந்த விஷயம், அதில் கைவைப்பது அந்தரங்கத்தில் கைவைப்பது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் நீதிபதி அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆண் பெண் உறவைக் கடவுள் திருமணத்துக்குள் வைத்தே வகுத்தார் என்றும், அது காமம் மட்டுமல்ல, அன்பின் வெளிப்பாடும் கூட என்றும் எழுதினார். பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கும் பெற்றோரை எச்சரித்தார். ஸ்விக்கியிலும் சொமாட்டோவிலும் வாங்கித் தின்னாமல் பிள்ளைகள் அம்மா சமைத்ததைச் சாப்பிடட்டும், மைதானத்தில் போய் விளையாடட்டும் என்றுகூடச் சொன்னார். பலர் அந்தப் பத்திகளைக் கேலி செய்தார்கள். எனக்கு அவை கேலிக்குரியதாகப் படவில்லை. சட்டம் விலகிக்கொள்ளும் இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பார்ப்பது குற்றமில்லை, சரி. பார்க்காமல் இருக்க விரும்பி, முடியாமல் தவிப்பவன் யாரிடம் போவான்? தீர்ப்பு எழுதிய கைக்கே அந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது.

ஆலுவாவிலிருந்து மெட்ரோவில் ஏறினால் ஐந்தாவது நிலையம் களமசேரி. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தேசிய சட்டப் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி, ராஜகிரி கல்லூரி, எச்.எம்.டி. தொழிற்சாலை, அதைச் சுற்றி வளர்ந்த தொழிற்பேட்டை என்று வீட்டை விட்டு வந்த இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கும் ஊர். மாதாகோயில்களுக்கும் ஜெபக் கூட்டங்களுக்கும் குறைவில்லாத ஊரும்கூட. ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் பாடிவிட்டு, இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கிற பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பார்ப்பதில் தவறில்லை என்று நினைப்பவரோடு எனக்கு இங்கே வழக்கில்லை. தவறு என்று மனதார நம்பியும் விடமுடியாதவருக்கு அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை உதவுமா என்பதே கேள்வி. உதவும் என்பது என் வாதம். ஆனால் பிரசங்க மேடைகள் எதை நம்பிப் பேசுகின்றனவோ அந்த வழியில் அல்ல. மேடைகள் வெட்கத்தை நம்புகின்றன. வெட்கம் இந்தப் பழக்கத்தின் எதிரி இல்லை. அதற்குக் காவல் நிற்பதே வெட்கம்தான்.

ஒரு காலத்தில் வெட்கத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வேலை இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு ‘மலையாளப் படம்’ என்றாலே வேறு அர்த்தம். 2000இல் ஷகிலா நடித்த ‘கின்னாரத்தும்பிகள்’ ஓடிய நாட்களில், பிட்டுப் படம் ஓட்டும் கொட்டகைக்குப் போகிறவர் விளக்கு அணைந்தபின் உள்ளே நுழைந்து, விளக்கு எரிவதற்குள் வெளியேறிவிடப் பார்ப்பார். தெரிந்தவர் யாராவது கண்ணில் பட்டால் மானம் போய்விடும். டிக்கெட் வாங்க நிற்கும் இரண்டு நிமிடத்தில் நூறு பேர் திரும்பிப் போயிருப்பார்கள். அங்கே வெட்கம் வாசலில் நின்றது, உள்ளே விடாமல் தடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தபின் வாசலே இல்லாமல் போயிற்று. 2015இல் மத்திய அரசு 857 தளங்களை முடக்கி, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்ற ஆணையால் மறுபடி முடக்கியது. ஒரு தளத்தை மூடினால் பத்துத் திறக்கும் என்பதைத் தவிர அதனால் யாரும் புதிதாக எதுவும் கற்கவில்லை. பார்ப்பதற்கு முன் வெட்கப்பட யாருமில்லாத தனிமையில், வெட்கம் பார்த்து முடித்தபின்தான் வருகிறது. தடுக்கும் வேலையை இழந்துவிட்டது. மறைக்கும் வேலை மட்டும் அதற்கு மிச்சம்.

இந்த இடத்தில் நம்பிக்கையில்லாதவர் ஒரு வலுவான ஆட்சேபத்தை வைப்பார்: நோயே மதம் உண்டாக்கியதுதானே? அதற்கு ஆதாரமும் இருக்கிறது. உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில், மதப்பற்றும், ஆபாசப் படம் பார்ப்பதற்கு ஒழுக்க அடிப்படையிலான மறுப்பும் உள்ளவர்கள் தாங்கள் உண்மையில் பார்க்கும் அளவைத் தாண்டித் தங்களை அடிமைகளாக உணர்கிறார்கள் என்று கண்டார்கள். சமூகவியலாளர் சாமுவேல் பெரி, பழமைவாதப் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களிடையே நெடுநாள் ஆய்வு செய்து 2019இல் ஒரு நூல் எழுதினார். மற்றவர்களைவிட அவர்கள் சற்றுக் குறைவாகவே பார்க்கிறார்கள், ஆனால் பார்ப்பதால் மற்றவர்களைவிட அதிகமாக நொறுங்கிப்போகிறார்கள் என்பது அவர் கண்டது. உலக சுகாதார நிறுவனமும் கவனமாகத்தான் இருக்கிறது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு குறைபாடாக இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வேலை, உறவு, உடல்நலம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, விடப் பார்த்தும் விடமுடியாமல் இருந்தால்தான் அது நோய். ஒழுக்க உணர்வால் மட்டும் வரும் வேதனையை வைத்து யாரையும் நோயாளி என்று முடிவு செய்யக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதை ஏற்றுக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை தடுமாறும் பத்தொன்பது வயதுப் பையனை ‘நீ அடிமை, உனக்குள் பிசாசு’ என்று சொல்லி அனுப்பும் ஜெபக் கூட்டம் அவனுக்கு நோயைக் கொடுத்துத்தான் அனுப்புகிறது. ஆனால் ஆட்சேபக்காரர் இதிலிருந்து எடுக்கும் முடிவு, அதாவது மறுப்பை விட்டுவிட்டால் வேதனையும் போய்விடும் என்பது, நிலைக்காது. ஒருவன் தன் நம்பிக்கையை விட்டுத்தர வேண்டும் என்று கேட்பது மருத்துவமாகாது. தான் செய்வது தனக்கு ஒவ்வாதது என்று உணர்கிறவன் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளவும் உரிமையுள்ளவன். பெரியின் நூலில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அந்தச் சபைகள் காமத்தைத் தனிப் பீடத்தில் ஏற்றி வைத்து, ஒருவனுடைய ஆன்மிக நிலை முழுவதையும் அதை ஒன்றை வைத்தே அளக்கின்றன. கோள் சொல்பவனும், கூலியைக் குறைத்துக் கொடுப்பவனும் நிம்மதியாக நற்கருணை வாங்குகிறான்; இந்தப் பையன் மட்டும் கடைசி வரிசையில் தலைகுனிந்து நிற்கிறான். பிறகு வரிசைக்கே வருவதில்லை. ஜெபத்தைக் குறைக்கிறான், கோயிலைத் தவிர்க்கிறான். தன்னை மீட்கக்கூடிய இடத்திலிருந்தே அவனை விலக்கி அழைத்துப்போகிறது வெட்கம்.

நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வதும் பலிக்காது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் செய்த சோதனை பெயர்பெற்றது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொன்னார். அவர்களுக்கு அது திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. தடையை நீக்கியபின் இன்னும் அதிகமாக வந்தது. இதை எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே தம் வழியில் கண்டறிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான, 399இல் இறந்த எவாக்ரியுஸ், மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார். அவற்றில் காமம் ஒன்று. ஆனால் அவர் விரித்து எழுதியது மற்றொன்றை: நடுப்பகலில் வந்து உட்காரும் சோர்வு. பொழுது நகராது, செய்யும் வேலையில் மனம் ஒட்டாது, இருக்கும் அறை வெறுத்துப்போகும், துறவி சன்னலைச் சன்னலைப் பார்ப்பார். களமசேரி விடுதி அறையில் இரவு ஒரு மணிக்கு நடப்பதை இதைவிட நெருக்கமாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்து மனம் ஓடாமல் போன நேரம், வீட்டிலிருந்து பணம் கேட்டு வந்த அழைப்புக்குப் பின், வேலை நேர்காணலில் தோற்று வந்த ராத்திரி. காமம் தலைக்கேறிக் கைப்பேசியை எடுத்தவர்களைவிட, வேறெதுவும் செய்யத் தோன்றாமல் எடுத்தவர்களே அதிகம் என்று நம்புகிறேன். எவாக்ரியுஸின் வழிவந்து மார்செய் நகரில் மடம் அமைத்த காசியன், உபவாசம் மட்டும் இதற்கு மருந்தாகாது என்று திட்டமாகச் சொன்னார். கைவேலை, வேத தியானம், தாழ்மை எல்லாம் சேர வேண்டும். அதிலும் தாழ்மை முதலில். தன் பலத்தால் வென்றுவிட்டேன் என்று நினைப்பவன் விழுவான் என்பது அவருடைய அனுபவ அறிவு.

காசியன் பதிவு செய்த கதை ஒன்று இருக்கிறது. இந்தப் பொருள் பற்றிப் பேச வரும் ஒவ்வொரு குருவானவரும் ஊழியரும் முதலில் அதைப் படித்துவிட்டு வரவேண்டும். காம எண்ணங்களால் அலைக்கழிக்கப்பட்ட இளம் துறவி ஒருவர், ஒரு மூத்த துறவியிடம் போய் மனதைத் திறந்து சொன்னார். மூத்தவர் சீறினார். இப்படிப்பட்ட எண்ணம் உள்ளவன் துறவி என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்றார். இளைஞர் நொறுங்கிப்போய், இனி ஊருக்கே திரும்பி ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் என்று புறப்பட்டார். வழியில் அப்பொல்லோ என்ற வேறொரு முதியவர் அவர் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார். பதில் வராதபோதும் விடாமல் கேட்டார். கடைசியில் இளைஞர் சொன்னார். அப்பொல்லோ அதிரவில்லை. இந்த வயதிலும் எனக்கு இதே தொல்லை உண்டு, இன்று ஒருநாள் மட்டும் உன் அறைக்குத் திரும்பிப் போ என்று கேட்டுக்கொண்டு அனுப்பிவைத்தார். பிறகு நேராக அந்தச் சீறிய மூத்தவரின் குடிசைக்கு வெளியே போய் நின்று, இளைஞனின் சோதனை இவருக்கு வரட்டும் என்று அழுது ஜெபித்தார். சற்று நேரத்தில் மூத்தவர் பித்துப் பிடித்தவர்போல் வெளியே வந்து, இளைஞர் போன அதே பாதையில் ஊரை நோக்கி ஓடத் தொடங்கினார். அப்பொல்லோ அவரைத் தடுத்து நிறுத்திக் கடிந்துகொண்டார்.

இதில் இளைஞரைக் காப்பாற்றியது எது? அறைக்குத் திரும்பச் சம்மதித்தபோது எண்ணம் மறைந்திருக்கவில்லை. அவருக்குப் புதிய மனவுறுதி எதுவும் கிடைக்கவில்லை. ‘எனக்கும்’ என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். முதல் துறவியும் இரண்டாமவரும் நம்பியது ஒரே கடவுளை, ஒரே ஒழுக்கத்தை; இருவருமே அந்த எண்ணத்தைப் பாவம் என்றுதான் கருதினார்கள். ஒருவர் அதைச் சொன்னவனை வெளியே தள்ளினார், மற்றவர் பக்கத்தில் வந்து நின்றார். ஆகவே, மதம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்கும் ஆய்வுகள் ஒரு கேள்வியைத் தவறவிடுகின்றன: அந்த மதத்துக்குள் அவனுக்குக் கிடைத்தது எந்த முதியவர்? புனித அகுஸ்தீனுக்கும் இப்படித்தான் ஆயிற்று. காமத்துக்கு இடம் கொடுத்தால் அது பழக்கமாகும், பழக்கத்தை எதிர்க்காவிட்டால் அது கட்டாயமாகும் என்று தன்னைப் பிணைத்த சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டியவர் அவர். இன்றைய மருத்துவ நூல்கள் பழக்க அடிமைத்தனத்தை விவரிப்பதும் ஏறக்குறைய அதே வரிசையில்தான். அந்தச் சங்கிலி 386இல் மிலான் தோட்டத்தில் அவர் மனம் திரும்பியபோது அறுந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று அவர் அழுதுகொண்டிருந்தபோது அலிப்பியுஸ் என்ற நண்பர் அதே தோட்டத்தில் அருகே இருந்தார் என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் என்ற ஏற்பாட்டை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ 16ஆம் நூற்றாண்டில், குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே தடுப்பும் துளைகளுள்ள தகடும் வைத்துக் கூண்டு செய்யச் சொன்னார். முகம் தெரியாது, குரல் மட்டும் போகும். கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் 1599இல் கூடிய சபை, மலையாளக் கிறிஸ்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று விதித்தது. போர்த்துக்கீசிய அதிகாரத்தின் கீழ் திணிக்கப்பட்ட விதிகளில் அதுவும் ஒன்று. அந்த வரலாற்றுக் கசப்பை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அந்த மரக்கூண்டில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் அதன் அருமை தெரியும். முழங்கால் மரப்பலகையில் பதிகிறது. பொதுவான வார்த்தைகளில் சுற்றி வளைத்துத் தொடங்குகிறான்: ‘கெட்ட எண்ணம் வந்தது சாமி.’ அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் தொண்டை அடைக்கிறது. பிறகு, எத்தனை முறை, எப்போதிருந்து என்று தன் வாயால் சொல்கிறான். இதுவரை இருட்டறையில் அவனும் திரையும் மட்டும் அறிந்த ஒன்றை இப்போது மூன்றாவதாக ஒருவர் அறிந்திருக்கிறார், உலகம் இடிந்து விழவில்லை. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் ஐந்தாம் படி இதையேதான் கேட்கிறது: தன் தவற்றைக் கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் சொல்ல வேண்டும். கடவுளிடம் மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்பவருக்கு அந்த மூன்றாவது சொல்தான் பதில். கடவுளிடம் சொல்வதைத் தனியாகவே செய்துவிடலாம். தனிமைதான் இங்கே நோய்.

ஆனால் கேரளத்தில் இருந்துகொண்டு பாவசங்கீர்த்தனத்தைப் புகழ்வது எளிதல்ல. 2018இல், ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே அவரை மிரட்டிப் பாலியல் கொடுமை செய்ததாக ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் சிலர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது, ஆயர்கள் கொதித்தார்கள். மத நம்பிக்கையில் அரசு தலையிடலாமா என்று பேசியே அந்த விவாதம் முடிந்துபோயிற்று. எனக்கு ஆணையத்தின் பரிந்துரையும் பிடிக்கவில்லை, ஆயர்களின் கோபமும் பிடிக்கவில்லை. ரகசியத்தைக் கேட்பவருக்கு அதிகாரமும் இருந்தால் அந்த ரகசியம் ஆயுதமாகலாம். இது உண்மை. இதற்குத் தீர்வு, சொல்லும் வழக்கத்தை ஒழிப்பதில் இல்லை. கேட்பவர் யார் என்பதைச் சொல்பவரே தேர்ந்துகொள்ள விடுவதில் இருக்கிறது. யாக்கோபின் திருமுகம் பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, குருவிடம் மட்டும் என்று சொல்லவில்லை. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவருக்கு மரக்கூண்டே கிடையாது. ஆனால் நம்பிக்கைக்குரிய ஒரு மூத்த சகோதரர் கிடைக்கலாம். கேட்பவரும் தன் பங்குக்கு எதையாவது திறந்து சொல்லும் இடத்தில் மிரட்டலுக்கு வாய்ப்புக் குறைவு. அப்பொல்லோ செய்ததும் அதுதான்.

இன்னும் ஓர் ஆட்சேபம் உண்டு, என் வாதத்துக்கு மிக நெருங்கி நின்று வருவது: சொல்வதும் கேட்கப்படுவதும்தான் மருந்து என்றால், அதற்குக் கிறிஸ்து எதற்கு? ஆலோசகர் போதுமே? பாதிக்குப் போதும் என்பேன். அமெரிக்காவின் யூட்டாவில் குரோஸ்பி, டுவோஹிக் என்ற இருவர் 28 ஆண்களுக்கு 12 அமர்வுகளில் ஒரு சிகிச்சை தந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கும் அளவு பெருமளவு குறைந்தது. எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், அது வந்து போவதைக் கவனித்து, தனக்கு எது முக்கியமோ அந்தச் செயலில் இறங்கப் பழக்கும் சிகிச்சை அது. எவாக்ரியுஸ் படித்தால் தலையசைத்திருப்பார். ஆகவே ஜெபம் இருக்கிறது, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லும் ஊழியரை நம்பவேண்டியதில்லை. களமசேரியிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கேரளக் காவல்துறையே ‘டி-டாட்’ என்ற பெயரில் டிஜிட்டல் அடிமைத்தன மீட்பு மையங்களைக் கொச்சி உள்ளிட்ட நகரங்களில் நடத்துகிறது. ஆனால் அந்தச் சிகிச்சையும் ஒரு கட்டத்தில் ‘உனக்கு எது முக்கியம்?’ என்று கேட்டுவிட்டு நோயாளியின் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தப் பதிலை அதனால் தரமுடியாது. நம்பிக்கை அதைத் தருகிறது. இரண்டு விஷயங்களைத் தருகிறது என்பேன். முதலாவது, மன்னிப்பு திருந்தியபின் கிடைக்கும் பரிசல்ல, திருந்துவதற்கு முன்னமே கொடுக்கப்பட்டது என்ற செய்தி. தோற்ற இரவுக்கு மறுநாள் காலையில் எழுந்திருக்க இது வேண்டும். இது இல்லாமல் கணக்கு வைத்துக்கொண்டு போராடுபவன் நாற்பது நாள் காத்து, நாற்பத்தோராம் நாள் தவறியதும், ‘எல்லாம் போயிற்று, இனி என்ன’ என்று ஒரு வாரம் மூழ்கிப்போகிறான்.

இரண்டாவது, திரையில் இருப்பவள் யார் என்ற கேள்வி. மத்தேயு நற்செய்தியில் மலைப்பொழிவின்போது, இச்சையோடு பார்ப்பதைப் பற்றி இயேசு பேசுகிறார். கண்ணைப் பிடுங்கு என்ற கடுமையைப் பார்த்துப் பலரும் மிரள்கிறார்கள். அந்தக் கடுமை யாரை நோக்கியது என்பதைப் பாருங்கள். பார்க்கப்படும் பெண்ணின் உடையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பொறுப்பு முழுவதும் பார்க்கிறவன் மீது. பெண்கள் அடக்கமாக உடுத்தவேண்டும் என்று முழங்கும் மேடைகள் இந்தப் பகுதியை எப்படிப் படிக்கின்றன என்று எனக்குப் புரிவதில்லை. திரையில் தெரிவது பிம்பம் என்று நமக்குத் தோன்றலாம், ஆனால் அதற்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள். 2020 ஜனவரியில் சான் டியேகோ நீதிமன்றம் 22 பெண்களுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. படம் இணையத்தில் வராது, வெளிநாட்டில் குறுந்தகடாக மட்டும் விற்கும் என்று பொய் சொல்லி அவர்களைப் படம் பிடித்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் கைவிடத் தொடங்கியதும் போர்ன்ஹப் தளம் யார் ஏற்றியது என்றே சரிபார்க்கப்படாத லட்சக்கணக்கான படங்களை நீக்கியது. குழந்தைகளை வைத்து எடுக்கப்படும் படங்களைப் பதிவிறக்கி வைத்துப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மாற்றியது. அவற்றை ஆபாசப் படம் என்ற பெயரால் அழைப்பதையே கைவிட்டு, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் என்று சொல்ல வேண்டும் என்றது. தனியே பார்ப்பது யாரையும் பாதிக்காது என்ற வாதத்துக்கு இவையெல்லாம் பதில். திரையில் இருப்பவளும் கடவுளின் சாயல் என்று நம்புகிறவனுக்கு, தன் தூய்மையைக் காப்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று கையில் இருக்கிறது. தன் தூய்மையை மட்டும் கவனிப்பவன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அதுவும் தனிமைதான்.

வழிமுறைகளைப் பற்றிச் சுருக்கமாக. ராஜகிரியை நடத்தும் சி.எம்.ஐ. சபையை 1831இல் மான்னானத்தில் தொடங்கியவர்களில் ஒருவரான புனித குரியாக்கோஸ் சாவரா, 1868இல் கைனகரி மக்களுக்கு ஒரு தகப்பனின் மரணசாசனம் போல ஒரு கடிதம் எழுதினார். தீய நூல்களை வீட்டில் வைத்திருப்பது வைக்கோலுக்குள் நெருப்பை ஒளித்து வைப்பது போன்றது என்று அதில் எச்சரித்தார். இன்று அந்த நெருப்போடுதான் பாடம் படிக்கிறோம், சம்பளம் வாங்குகிறோம், அம்மாவிடம் பேசுகிறோம். வெளியே எறிய முடியாது. இரவில் கைப்பேசியை அறைக்கு வெளியே வைப்பது நல்லது. பார்க்கும் தளங்களை நண்பருக்கு அறிவிக்கும் மென்பொருள்களும் 2000 முதலே இருக்கின்றன. ஆனால் பேச்சு இல்லாமல் அறிக்கை மட்டும் போனால் நண்பர் போலீஸ்காரராகிவிடுவார். அப்புறம் அவரை ஏமாற்றுவது எப்படி என்பதே அவனுக்கு வேலையாகிவிடும்.

சாட்சி சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. சாலக்குடி அருகே முரிங்கூர் டிவைன் தியான மையத்தில் மலையாளத்தோடு தமிழிலும் தியானம் நடக்கிறது. ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை தங்கி ஜெபித்துவிட்டு, வாழ்க்கை மாறிப் போனவர்கள் ஏராளம். அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் சொல்லப்படும் சாட்சி பெரும்பாலும் ‘அன்றோடு விட்டது’ என்று முடிகிறது. அதைக் கேட்டவன் சனிக்கிழமை அதே விடுதி அறைக்கு, அதே கைப்பேசிக்குத் திரும்புகிறான். அடுத்த மாதம் தவறும்போது, தனக்கு மட்டும் அற்புதம் நடக்கவில்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, இதனோடு சேர்ந்து வரும் சுய இன்பத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், பழக்கத்தின் வலிமையும் மனக்கலக்கமும் முதிர்ச்சியின்மையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. இந்தப் பத்தியைத் தியான மேடையில் வாசித்துக் காட்டினால் எத்தனையோ பேர் மூச்சு விடுவார்கள். மெதுவாக வந்த விடுதலையின், விழுந்து எழுந்த விடுதலையின் சாட்சிகளும் மேடைக்கு வரவேண்டும்.

இதுவரை ‘அவன்’ என்றே எழுதிவந்தேன். இந்தப் பொருள் பற்றிப் பேசும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது பாதிப் பேரை விட்டுவிடுகிறது. 2022 அக்டோபரில் உரோமையில் குருக்களோடும் குருமாணவர்களோடும் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பழக்கம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, குருக்களிடமும் கன்னியரிடமும் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். பெண்ணுக்கு இந்த வெட்கம் இரட்டிப்பு. பெண்களுக்கு இது இருக்காது என்று எல்லோரும் நம்புவதால், தனக்கு இருப்பதை ஒப்புக்கொண்டால் தான் பெண்ணே இல்லையோ என்று ஆகிவிடுகிறது. கத்தோலிக்கப் பெண் ஆண் குருவிடம்தான் முழந்தாளிட வேண்டும். 2018இல் எழுந்த அந்த மிரட்டல் குற்றச்சாட்டுக்குப் பின் எத்தனை பேர் அதற்குத் துணிவார்கள்? ஆனால் இந்த மரபின் வேரிலேயே ஒரு பெண் இருக்கிறார். எகிப்தில் ஆற்றங்கரையில் வாழ்ந்த சாரா அம்மை என்ற துறவி, காமத்தின் சோதனையோடு பதின்மூன்று ஆண்டுகள் போராடினார் என்றும், அந்தப் போராட்டம் நீங்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்காமல், பலம் தா என்று மட்டுமே கேட்டார் என்றும் பாலைவனத் துறவிகளின் மொழித் தொகுப்பில் இருக்கிறது. ஆண் துறவிகளே அதை மதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் மருத்துவமனைகளையும் மகளிர் விடுதிகளையும் பள்ளிகளையும் நடத்தும் கன்னியர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆற்றுப்படுத்தலில் பயிற்சி பெற்றவர்கள் அவர்களில் பலர். இந்தப் பழக்கத்தோடு போராடும் பெண்களின் பேச்சைக் கேட்கும் பொறுப்பை அவர்களிடம் வெளிப்படையாக ஒப்படைக்கலாம். அவர்கள் பாவமன்னிப்பு வழங்கப்போவதில்லை, யாக்கோபு சொன்னபடி உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள். அதற்கு எந்தச் சபைச் சட்டத்தையும் திருத்தவேண்டியதில்லை, ஒரு ஆயரின் சம்மதமும் விடுதியில் கதவுள்ள ஓர் அறையும் போதும்.